கனெக்‌ஷன்ஸ் புதிர்: நாலு கிடைத்ததும் அழுத்தாதீர்கள், ஐந்தாவதைத் தேடுங்கள்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2023 ஜூனில் தொடங்கிய தினசரிப் புதிர் கனெக்‌ஷன்ஸ். தொகுப்பவர் வைனா லியு. கட்டத்தில் 16 சொற்கள் இருக்கும். அவற்றை நாலு நாலாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நாலுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கும். விதி அவ்வளவுதான். நாலாவது தப்போடு ஆட்டம் முடிந்து, விடைகள் தானாகத் திறந்துகொள்ளும். நள்ளிரவு தாண்டினால் அடுத்த கட்டம் வந்துவிடும்.

இந்த வடிவம் ஒன்றும் புதிதல்ல. பிபிசியில் 2008 முதல் வரும் 'ஒன்லி கனெக்ட்' வினாடிவினாவில் இதே மாதிரி 16 துண்டுச் சுவர் ஒன்று உண்டு. அங்கே இரண்டரை நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். இங்கே கடிகாரமே கிடையாது. இருந்தும் புதிதாக ஆடுகிறவர்கள் நாலு சொல் கண்ணில் பட்ட மறுநொடியே சமர்ப்பித்துவிடுகிறார்கள். தோற்பது பெரும்பாலும் அதனால்தான்.

அசல் புதிர் ஆங்கிலத்தில் இருக்கும். முறை பிடிபடுவதற்காக, தமிழில் நானே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். கீழே விளக்கத்துக்குப் போகும் முன் ஒருமுறை முயன்று பாருங்கள்.

திங்கள் – நிலவு – மதி – வெள்ளி
செம்பு – கூடு – ஞாயிறு – மிட்டாய்
வியாழன் – பிறை – தங்கம் – புதன்
குழல் – இரும்பு – செவ்வாய் – அம்புலி

முதல் படி: எதையும் தொடாமல் படியுங்கள்

16 சொல்லையும் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சொற்கள் ஒரே குழு போலத் தோன்றும், அதை நம்ப வேண்டாம். முதல் வரியில் திங்கள், நிலவு, மதி என்று வரிசையாக நிற்பதைப் பார்த்தீர்களா? வேண்டுமென்றே வைத்தது. திரையில் சொற்களைக் கலைத்துப் போட ஒரு பொத்தான் இருக்கிறது. தாராளமாக அழுத்துங்கள், அதற்குத் தண்டனை எதுவும் கிடையாது.

இரண்டாம் படி: எண்ணுங்கள்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு குழு தோன்றியதும், அதில் சேரக்கூடிய சொற்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணுங்கள்.

கிழமைகள்: திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, ஞாயிறு. ஆறு இருக்கிறது! வேண்டியது நாலு. அப்படியென்றால் இரண்டு சொல் வேறெங்கோ போக வேண்டும். இப்போதைக்கு இந்தப் பக்கமே போகாதீர்கள்.

நிலாவைக் குறிப்பவை: திங்கள், நிலவு, மதி, பிறை, அம்புலி. ஐந்து. இதுவும் காத்திருக்கட்டும்.

உலோகங்கள்: தங்கம், செம்பு, இரும்பு, வெள்ளி. சரியாக நாலு. வேறு உலோகம் கட்டத்தில் இல்லை. தங்கத்துக்கும் இரும்புக்கும் வேறு வீடும் தெரியவில்லை. வெள்ளி கிழமையாகவும் இருக்கலாம்தான், ஆனால் அதை எடுத்துவிட்டால் உலோகக் குழு நிறையாது. ஆகவே இதைத்தான் முதலில் சமர்ப்பிக்க வேண்டும்.

எளிதாகத் தெரிவது ஒன்று, உறுதியானது வேறொன்று. கிழமைகள்தான் முதலில் கண்ணில் பட்டன, ஆனால் அதில்தான் பொறி இருந்தது.

மூன்றாம் படி: மிச்சத்தைப் பாருங்கள்

எந்தக் குழுவிலும் ஒட்டாமல் நிற்பவை கூடு, குழல், மிட்டாய். மூன்றுதான். நாலாவது சொல் கிழமையிலிருந்தோ நிலாவிலிருந்தோதான் வந்தாக வேண்டும். கூட்டுக்கும் மிட்டாய்க்கும் பொருளில் என்ன தொடர்பு என்று யோசித்தால் ஒன்றும் வராது. பொருளை விட்டுவிட்டு, முன்னால் ஒரு சொல்லை ஒட்டிப் பாருங்கள். தேன்கூடு, தேன்குழல், தேன்மிட்டாய்... அப்புறம் தேனிலவு!

நிலவு இங்கே வந்துவிட்டதால் நிலாக் குழுவில் திங்கள், மதி, பிறை, அம்புலி. வெள்ளியும் திங்களும் போன பிறகு கிழமைகளும் சரியாக நாலு. தப்பே செய்யாமல் முடிந்தது.

ஊதாவைப் பற்றிக் கொஞ்சம்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம் உண்டு: மஞ்சள் எளிது, பிறகு பச்சை, நீலம், கடைசியில் ஊதா. ஆனால் சரியாகப் பிடித்த பிறகுதான் நிறம் தெரியும். நம் கட்டத்தில் தேன் குழுதான் ஊதா.

ஊதாவில் பெரும்பாலும் சொல்லின் பொருளைவிட வடிவம்தான் முக்கியம். ஒர்க், ஃபிளை, பிளேஸ், மேன் என்று நாலு நின்றால் முன்னால் 'ஃபயர்' போட்டுப் பார்க்க வேண்டும். சில நாள் உச்சரிப்பு ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள சொற்கள் வரும், அதனால் வாய்விட்டுப் படியுங்கள். சில நாள் சொல்லுக்குள்ளே ஒரு மிருகமோ உடலுறுப்போ ஒளிந்திருக்கும். இன்னும் சில நாள் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அல்லது எடுத்தால் வேறு சொல்லாகிவிடும்.

நமக்கு இன்னொரு சிக்கல். அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள், அங்கத்திய மளிகைக் கடைப் பிராண்டுகள், பழைய டிவி தொடர்கள் எல்லாம் வரும். அது தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்த மூன்று குழுவையும் உறுதியாகப் பிடித்தால் தெரியாதது தானாக மிஞ்சிவிடும். நான் பாதி நாள் ஊதாவைக் கடப்பது இப்படித்தான்.

'ஒன்று குறைகிறது' என்று வந்தால்

நாலில் மூன்று சரி, ஒன்று தப்பு என்றால் திரை அதைச் சொல்லிவிடும். உடனே ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றி அழுத்தத் தோன்றும். வேண்டாம், மூன்று வாய்ப்பும் அப்படியே கரைந்துபோகும். அந்தக் குழுவை நிறுத்திவிட்டு வேறொரு குழுவை முடித்துவிட்டு வாருங்கள்; தப்பான சொல் எது என்று பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். அந்தச் செய்தி வரவே இல்லையென்றால், நீங்கள் தேர்ந்த சொற்களில் அதிகபட்சம் இரண்டுதான் ஒரே குழு. அந்த யோசனையையே கைவிடலாம்.

ஊதாப் பயிற்சிக்கு ஒன்று: வெட்டி, புழு, வாசனை, சரிவு. நாலுக்கும் முன்னால் ஒரே சொல் ஒட்டும். விடையை நான் சொல்லப் போவதில்லை.