வாழைமட்டைய அளந்து லேசான பலகை டிசைன் பண்றது எப்படி? (பைத்தான், கோலாப்)

வாழைமட்டைய குறுக்க அறுத்துப் பாருங்க, வரிசையா காத்தறை, நடுவுல மெல்லிசா தடுப்பு, ரெண்டு பக்கமும் தோல். அதே அமைப்புல லேசான, வளையாத பலகைய 3டி பிரிண்ட் பண்ண நான் போன வழி இது. கோலாப், பைத்தான் ஓரளவு தெரியும்னு வெச்சுக்கறேன்.

1) திருவையாறு பக்கம் தார் வெட்டினதும் மரத்த சாச்சுடுவாங்க, கேட்டா மட்டை சும்மாவே கிடைக்கும். பூவன் மட்டும் எடுங்க, ரகத்த கலக்காதீங்க. 12 மரம், மரத்துக்கு 5 துண்டு. வெட்டின பக்கத்த ஸ்கேலோட சேத்து போட்டோ எடுத்து இமேஜ்ஜேல (போட்டோவுல நீளம் அளக்கற இலவச சாஃப்ட்வேர்) தடுப்போட கனம், அறையோட அகலம், மட்டையோட உயரம் மூணையும் அளந்து சிஎஸ்வில போடுங்க. மர நம்பருக்கு தனி நெடுவரிசை கண்டிப்பா வேணும், ஏன்னு கீழ சொல்றேன்.

2) ரெண்டு செங்கல் மேல துண்ட வெச்சு நடுவுல அரை கிலோ தொங்கவிட்டு எவ்ளோ தொய்யுதுன்னு அளந்து அதையும் சிஎஸ்வில சேருங்க. செங்கல் இடைவெளி சரியா 20 செ.மீ. இருக்கணும், தொய்வு இடைவெளியோட மூணாவது அடுக்குல (இடைவெளி × இடைவெளி × இடைவெளி) ஏறும், 21 ஆனாலே 16 சதவீதம் கூடக் காட்டும்.

3) அடுத்து, அந்த மூணு அளவையும் குடுத்தா தொய்வ கணிக்கற மாடல் கட்டணும். இங்கதான் நான் ரெண்டு வாரம் மாட்டிக்கிட்டேன். வழக்கம்போல டேட்டாவ குலுக்கி டிரெயின் (மாடல் கத்துக்க), டெஸ்ட் (சோதிச்சுப் பாக்க)னு பிரிச்சேன், ஸ்கோர் பிரமாதமா வந்துச்சு, ஆனா புது மரத்துலேர்ந்து மட்டை எடுத்துட்டு வந்தா கணிப்பு எங்கயோ போகுது. காரணம் என்னன்னா ஒரே மரத்தோட அஞ்சு துண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, மூணு டிரெயின்லயும் ரெண்டு டெஸ்ட்லயும் விழுந்தா மாடல் மரத்த அடையாளம் கண்டுக்குது, வடிவத்த கத்துக்கல. அதனால சைக்கிட்-லேர்ன்ல (பைத்தானோட மெஷின் லேர்னிங் லைப்ரரி) க்ரூப்-கே-ஃபோல்ட (ஒரே மரத்துத் துண்டுகள ரெண்டு பக்கமும் பிரிக்காம வெக்கற முறை) எடுத்து, க்ரூப்ஸ்ங்கற இடத்துல மர நம்பர குடுங்க. ஸ்கோர் இறங்கும். இறங்கினதுதான் உண்மையான ஸ்கோர், அத நம்புங்க.

60 வரி டேட்டாவுக்கு நியூரல் நெட்வொர்க் வேணாம், காஸியன் ப்ராசஸ்ங்கற (கம்மி டேட்டாவுக்கு ஏத்த கணிப்பு முறை) மாடல் போதும், கணிப்போட சேத்து எவ்ளோ நிச்சயம்னும் சொல்லும். மேட்டர்ன் கெர்னலோட (ரெண்டு வடிவம் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு சொல்ற சூத்திரம்) ஒயிட் கெர்னலையும் (அளவுல வர்ற சிதறலுக்கு) கூட்டுங்க, இல்லேன்னா நம்ம அளவுப் பிழையையும் மாடல் மனப்பாடம் பண்ணிடும்.

4) மாடல் நல்லதுன்னு (கம்மியா தொய்யும்னு) காட்டற வடிவத்துல மூணு, அதுக்கே நிச்சயம் இல்லாத இடத்துல ரெண்டு எடுத்து பிஎல்ஏ பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணுங்க. பிரிண்டரோட நாசில் (பிளாஸ்டிக் வெளிய வர்ற முனை) 0.4 மி.மீ.னா அதுக்கும் மெல்லிசான தடுப்பு நிக்காது, கனம் அகலம் எல்லாத்தையும் ஒரே விகிதத்துல பெருசாக்குங்க. பிளாஸ்டிக் ரிசல்ட்ட மட்டை டேட்டாவோட கலக்காம தனி ஃபைல்ல வெச்சு, அத வெச்சு புது மாடல் கட்டுங்க.

அப்டேட்: செஞ்சு பாத்தவங்க ரெண்டு பேர் சாயங்காலம் அளந்தா நம்பர் மாறுதுன்னாங்க. மட்டை காயுது, அதான். ஈரத்துணில சுத்தி வெச்சு, வெட்டின ஒரு மணி நேரத்துல அளந்துடுங்க. ஒருத்தருக்கு ஆர்-ஸ்கொயர் (கணிப்பு எவ்ளோ சரின்னு சொல்ற ஸ்கோர்) மைனஸ்ல வந்துச்சாம், கோட் தப்பில்ல, சராசரியவிட மோசமா கணிக்குதுன்னு அர்த்தம். அவர் எடுத்தது நாலே மரம், இன்னும் எட்டு மரம் சேத்துட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க.