ஆறேழு பேர், ஐம்பது கோன்: சின்னதா ஒரு ஸ்லாலம் ஸ்கேட்போர்டு ரேஸ் நடத்துறது எப்படி

ஸ்லாலம்னா ஸ்கேட்போர்டுல தாவுறது, கம்பி மேல சறுக்குறது எதுவும் கிடையாது. வரிசையா கோன் வச்சு அதுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போய் யாரு முதல்ல கீழ வர்றாங்கன்னு பாக்குறது, அவ்ளோதான். 1970கள்ல யூரித்தேன்ங்கிற ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்ல வீல் வந்தப்புறம்தான் இது சூடு பிடிச்சுது, அதுக்கு முன்னாடி இருந்த களிமண் கலவை வீலுக்கு ரோட்டுல பிடிப்பே கிடையாது, வேகமா வளைச்சா போர்டு ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். இப்போ ஐஎஸ்எஸ்ஏன்னு ஒரு சர்வதேச சங்கம், ரூல் புக், உலக ரேங்கிங்னு எல்லாம் இருக்கு. நான் சொல்லப்போறது அந்த லெவல் ரேஸ் இல்ல. லேசர் டைமர் கிடையாது, ஸ்டார்ட் ராம்ப் கிடையாது, ஆனா முடிவு சொன்னா தோத்தவங்களும் வாய தொறக்காம ஒத்துக்கணும், அப்படி ஒரு ரேஸ். அதுக்கு காஸ்ட்லி போர்டு தேவையில்ல, சாக்பீஸ், ஒரு கயிறு, ஒரு ஃபோன் இருந்தா போதும்.

முதல்ல இடம். வண்டி வராத இடமா இருக்கணும், இதுல பேரமே இல்ல, காலியா இருக்கிற பார்க்கிங்கோ கேட் போட்ட உள்ரோடோ எதுவா இருந்தாலும் சம்பந்தப்பட்டவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க. பெரிய இறக்கம் வேணும்னு தேடாதீங்க. 100 மீட்டர் போறதுக்குள்ள 3 மீட்டர் இறங்கினா தாராளம், ஃபோன்ல இருக்கிற லெவல் ஆப்ப தரைல வச்சா 2 டிகிரிக்கு உள்ள காட்டணும். ஆப் எல்லாம் வேணாம்னா போர்ட தரைல வச்சு கைய எடுங்க, மெதுவா தானா உருள ஆரம்பிச்சா சரியான இடம், விருட்டுன்னு ஓடினா வேற இடம் பாருங்க. அப்புறம் முடிவுக் கோட்டுக்கு அப்பால ட்ராக்ல பாதி தூரமாவது காலியா இருக்கணும், நிறைய ஸ்லாலம் போர்டுல மிதிச்சு நிறுத்த வாலே இருக்காது, கால தரைல தேச்சுதான் நிக்கணும், அதுக்கு இடம் வேணும். முந்தின நாளே ஒரு தடவ நடந்து பாத்து, அன்னைக்கு காலைல விளக்குமாறால பெருக்கிடுங்க. மணல்தான் இங்க வில்லன், கண்ணுக்கே தெரியாது.

கோன் எவ்ளோ தூரத்துல வைக்கிறதுங்கிறதுதான் ரேஸோட குணத்தையே மாத்தும். டைட் ஸ்லாலம்னா ஒன்றரைல இருந்து ரெண்டு மீட்டருக்குள்ள, கிட்டத்தட்ட நேர் கோட்டுல வரும், ஜயன்ட் ஸ்லாலம்னா இடைவெளி அதிகம், கோனும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி இருக்கும், வேகமும் பயங்கரமா ஏறும். புதுசா நடத்துறவங்க டைட்லயே ஆரம்பிங்க, விழுந்தாலும் சின்னதா விழலாம். ஒரு லேனுக்கு 25 கோன் வைங்க, முதல் 6 இடைவெளி 1.6 மீட்டர், நடுவுல 12 இடைவெளி 1.8, கடைசி 6 இடைவெளி 2 மீட்டர், கூட்டினா 43.2 மீட்டர். கீழ போகப் போக வேகம் ஏறும், அதனாலதான் இடைவெளியும் கூடுது. எல்லாம் ஒரே இடைவெளியா வச்சா மேல தூங்கி வழியும், கீழ திணறும். ஸ்டார்ட் கோட்டுல இருந்து முதல் கோனுக்கு 5 மீட்டர், கடைசி கோன்ல இருந்து முடிவுக் கோட்டுக்கு 3 மீட்டர் விடுங்க.

ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல ஓடினாதான் ரேஸ் மாதிரி இருக்கும், அதனால ரெண்டு லேன், நடுவுல 3 மீட்டர். ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், இங்கதான் கயிறு வருது. நீளமான நூல் கயிறு எடுத்து அளந்து அளந்து ஒவ்வொரு கோன் இடத்துலயும் கலர் டேப் சுத்துங்க, முடிச்சு போடாதீங்க, முடிச்சு கயித்த தின்னுடும், அளவு மாறிடும். நைலான் கயிறும் வேணாம், இழுத்தா நீளும். இந்தக் கயித்த லேன் நெடுக்க விரிச்சு ரெண்டு முனையையும் ரெண்டு பேர் விறைப்பா புடிக்க, மூணாவது ஆள் ஒவ்வொரு டேப்புக்கும் நேரா ஒரு புள்ளி வச்சுட்டே போகணும். அதே கயித்த அப்படியே தூக்கி அடுத்த லேன்ல வைங்க. அளந்ததுல ஏதாவது தப்பு இருந்தாலும் ரெண்டு லேன்லயும் அதே தப்புதான் இருக்கும், யாரும் குறை சொல்ல முடியாது.

கோன் ஒரு ஜாண் உயரம் இருந்தா சரி, மெத்துனு வளையிற பிளாஸ்டிக்கா இருக்கணும். பேப்பர் கப் கவுத்து வச்சும் ஓட்டலாம், காத்தடிச்சா பறக்கும், அதுக்காக உள்ள கல்லு வைக்கிற வேலை மட்டும் வேணாம், வீலுக்கு அடியில அந்தக் கல்லு வந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு கோனையும் சுத்தி அடியோட ஒட்டி சாக்பீஸால கோடு போடுங்க. 50 கோனுக்கும் குனிஞ்சு குனிஞ்சு போட்டா இடுப்பு கழண்டுடும், ஆனா இத விட்டீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் சண்டைதான். ஏன்னா ரூல் இந்த வட்டத்த வச்சுத்தான்: கோன் விழுந்தா கணக்கு, விழாட்டியும் வட்டத்த விட்டு முழுசா வெளிய போயிட்டா கணக்கு, கோட்ட தொட்டுட்டு நின்னா கணக்கு இல்ல.

விழுந்த கோனுக்கு டைட் ஸ்லாலம்ல வழக்கமா போடுற தண்டம் 0.1 செகண்ட். கேக்க சின்னதா இருக்கும். அதனாலயே ஒரு புத்திசாலி கோன் எல்லாத்தையும் இடிச்சு தள்ளிட்டு நேரா போயிடலாமேன்னு யோசிப்பாரு, அவருக்காகத்தான் 5 கோனுக்கு மேல விழுந்தா ரன் செல்லாதுன்னு முன்னாடியே சொல்லிடணும். கோன இடிக்கிறதும் கோன் பக்கமே போகாம தாண்டுறதும் வேற வேற, தாண்டிட்டா அந்த ரன் காலி. செல்லாத ரன்னுக்கு எதிராளிக்கு எவ்ளோ லீட் குடுக்கிறதுன்னும் பேசி வச்சுக்கோங்க, ஒன்றரை செகண்ட் குடுத்தா ரெண்டாவது ரன்ல மீண்டு வர கொஞ்சம் வழி இருக்கும். இதெல்லாம் ரேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு சத்தமா சொல்லுங்க.

இப்போ டைமிங். கைல ஸ்டாப்வாட்ச் புடிச்சு எடுக்கிற டைம் 0.1, 0.2 செகண்ட் முன்ன பின்ன ஆகும், அதாவது ஒரு கோன் ரெண்டு கோன் தண்டம் அப்படியே அதுல முழுகிடும். அதனால டைமே எடுக்காதீங்க. முடிவுக் கோட்டுக்கு நேரா, கோட்டோட நீட்சியிலயே ஒரு ஃபோன ட்ரைபாட்ல வச்சு 60 எஃப்பிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 ஃப்ரேம் (படம்) வர்ற மாதிரி வீடியோ எடுங்க. சைடுல தள்ளி வச்சா ஒரு லேன்காரர் முன்னாடி வந்த மாதிரி தெரியும். ரொம்ப கீழயும் வைக்காதீங்க, பக்கத்து லேன் ஆள் தூர லேன் ஆள மறைச்சுடுவாரு, நெஞ்சு உயரத்துல வச்சு லேசா கீழ பாக்கிற மாதிரி திருப்புங்க. ஒருத்தரோட முன் வீல் கோட்ட தொடுறதுல இருந்து அடுத்தவரோடது தொடுற வரைக்கும் எத்தன ஃப்ரேம்னு எண்ணுங்க. 60 எஃப்பிஎஸ்ல 0.1 செகண்ட்னா 6 ஃப்ரேம், அப்போ ஒரு கோன் 6 ஃப்ரேம். இடது லேன் ஆள் முன்னாடி வந்தாரு, வலது லேன் ஆள் 14 ஃப்ரேம் பின்னாடி, ஆனா இடது லேன்ல 3 கோன் விழுந்திருக்கு, வலதுல ஒண்ணும் விழல, 18 கழிச்சா வலது லேன் ஆள் 4 ஃப்ரேம்ல லீட். அப்புறம் லேன் மாத்தி இன்னொரு ரன், ரெண்டையும் கூட்டி யாரு லீடோ அவங்க ஜெயிச்சாங்க. வெளிச்சம் மங்கினா சில ஃபோன் தானாவே ஃப்ரேம் ரேட்ட குறைச்சுடும், அதனால இருட்டுறதுக்குள்ள முடிச்சுடுங்க.

கோன் பாக்க ஒரு லேனுக்கு ரெண்டு பேர், அந்த நேரத்துல ஓடாத ரைடர்ஸே நிக்கட்டும். ரன் முடிஞ்சதும் விரல காட்டி எத்தனன்னு சொல்லணும், பேப்பர்ல எழுதினப்புறம்தான் கோன நிமுத்தணும். ஆர்வக் கோளாறுல யாராச்சும் முன்னாடியே நிமுத்தி வச்சுட்டா போச்சு, அந்த ரன்ன திருப்பி ஓட்டுறது தவிர வழியில்ல. ஸ்டார்ட் குடுக்கிறவர் ரெடின்னு சொல்லிட்டு விசில் ஊதுறதுக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற இடைவெளி விடணும், இல்லேன்னா ஆளுங்க தாளம் புடிச்சுடுவாங்க. காலால தள்ளுறது முதல் கோனோட சரி, அதுக்கப்புறம் தரைல கால் படக்கூடாது.

அப்போ வேகம் எப்படி வரும்? பம்பிங்ல. ஊஞ்சல்ல ஒக்காந்து சரியான நேரத்துல கால நீட்டி மடக்கி வேகம் ஏத்துவோமே, அதே கணக்குதான், ஒவ்வொரு வளைவுலயும் முட்டிய மடக்கி உள்ள போய் வெளிய வரும்போது அழுத்தி நிமிரணும். உடம்பு கிட்டத்தட்ட நேராதான் போகும், இடுப்புக்குக் கீழ போர்டு மட்டும்தான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். கண்ணு காலடில இருக்கிற கோன்ல இருக்கக் கூடாது, ரெண்டு மூணு கோன் தள்ளி இருக்கணும். புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் பண்ற ஒரு விஷயம், கோன் கிட்ட வந்தப்புறம் திருப்புறது. கோன தாண்டும்போது போர்டு அடுத்த கோன் பக்கம் ஏற்கெனவே திரும்பியிருக்கணும். ஒரு கோன்ல கொஞ்சம் லேட் ஆனா அடுத்ததுல இன்னும் லேட், பத்தாவது கோன்ல ட்ராக்க விட்டே வெளிய போயிடுவீங்க.

போர்டு விஷயம் சுருக்கமா சொல்றேன். இருக்கிற போர்டே போதும், ஆனா தெருவுல தாவுறதுக்கு போடுற சின்ன கெட்டி வீல் இங்க வழுக்கும், 60ல இருந்து 70 மில்லிமீட்டருக்குள்ள 78ஏல இருந்து 86ஏக்குள்ள (இது வீலோட கெட்டித்தன்மை அளவு) இருக்கிற மென்மையான வீல் மாத்துங்க, வீல் டெக்குல, அதாவது நிக்கிற பலகைல உரசினா, பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவுல ரைசர் பேட்ங்கிற தடுப்புத் தகடு வைங்க. ட்ரக்ங்கிறது வீல் மாட்டியிருக்கிற அச்சு பாகம், அதுல முன் ட்ரக் நல்லா லூசா திரும்பணும், பின் ட்ரக் கொஞ்சம் அடங்கி இருக்கணும், ரெண்டையும் லூஸ் பண்ணா போர்டு ஆட ஆரம்பிச்சுடும். லூஸ் பண்ற வேகத்துல ட்ரக் நடுவுல இருக்கிற பெரிய போல்ட்டான கிங்பின்னோட நட்டு கழண்டு வர்ற நிலைமைக்கு விடாதீங்க, மரை வெளிய தெரியுதான்னு ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு பார்வை பாருங்க. ஹெல்மெட் இல்லேன்னா ரன் இல்ல, முட்டி பேடும் க்ளவுஸும் போட்டா நல்லது.

நாக் அவுட்டா லீக்கான்னு கேப்பாங்க. 8 பேர் இருந்து நாக் அவுட் வச்சா மூணாவது இடத்து மேட்ச் சேத்து 8 மேட்ச், 16 ரன், சீக்கிரம் முடிஞ்சுடும், ஆனா பாதி பேர் ரெண்டே ரன்ல வெளிய உக்காந்துடுவாங்க, அவங்க அடுத்த வாட்டி வரமாட்டாங்க. 6 பேர்னா லீக் வைங்க, 15 மேட்ச், 30 ரன், கால் கழண்டு போகும்தான், ஆனா எல்லாரும் எல்லார் கூடவும் ஓடியிருப்பாங்க. ரெண்டு ரன் கூட்டியும் சமமா வந்தா டாஸ் போட்டு லேன் எடுத்து ஒரே ஒரு ரன் எக்ஸ்ட்ரா. அடுத்த ரேஸுக்கு ட்ராக் போடுற வேலைய ஜெயிச்சவங்க கிட்ட குடுக்காதீங்க, தனக்கு வசதியான இடைவெளியாவே வைப்பாங்க, கடைசியா வந்தவங்க கிட்ட கயித்த குடுத்துடுங்க.