பாத்ரூம் சுவருக்குள் அலமாரி பதிப்பது எப்படி?

மதுரையில் பழைய வீடுகளுக்கெல்லாம் தடித்த சுவர். சோப்பு வைக்க, விளக்கு வைக்க என்று கட்டும்போதே மாடாக்குழி விட்டுவிடுவார்கள். இப்போது கட்டுகிற 5க்கு 7 பாத்ரூமில் அலமாரியை வெளியே மாட்டினால் தலை துவட்டும்போது முழங்கை இடிக்கும். கட்டி முடித்த சுவருக்குள்ளும் அலமாரி பதிக்கலாம், ஆனால் சுவர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

முதலில் சுவரின் கனத்தைப் பாருங்கள். கதவு ஓரத்திலோ ஜன்னல் ஓரத்திலோ டேப் வைத்தால் தெரிந்துவிடும். பூச்சோடு சேர்த்து 10 இஞ்ச் பக்கம் வந்தால் அது 9 இஞ்ச் சுவர், வேலையை ஆரம்பிக்கலாம். 5½, 6 என்று வந்தால் 4½ இஞ்ச் சுவர், அதைத் தொடவே வேண்டாம், கொத்தி முடிக்கும்போது பக்கத்து அறையின் பூச்சுதான் மிஞ்சும். பில்லர் இல்லாமல் சுவரே மேல்மாடியைத் தாங்குகிற வீடாக இருந்தால் இன்ஜினியரிடம் காட்டாமல் உளி வைக்காதீர்கள்.

அடுத்தது பைப்பும் வயரும். குழாய், ஷவர், கீசர், சுவிட்ச் போர்டு ஒவ்வொன்றிலிருந்தும் மேலே, கீழே, பக்கவாட்டில் நேர்கோடு இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பைப் அந்த வழியில்தான் போயிருக்கும். சுவரின் அந்தப் பக்கத்தையும் மறக்காதீர்கள், அங்கே சமையலறை சிங்க் இருக்கலாம். மூலைகளில் பில்லர் வரும், அங்கிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இடம் பிடியுங்கள். ஷவர் தண்ணீர் நேராக அடிக்கிற சுவரும் வேண்டாம்.

அளவு என்று பார்த்தால் அகலம் 18 இஞ்ச், உயரம் 24 இஞ்ச், முதல்முறைக்கு இது போதும். அடிப்பாகம் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் வரட்டும். டைல்ஸ் ஒட்டிய சுவராக இருந்தால் ஓரங்களை முடிந்தவரை டைல்ஸ் இணைப்புக் கோட்டிலேயே கொண்டுவாருங்கள், அளவு ஒன்றிரண்டு இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை, நடு டைல்ஸை வெட்டினால் கடைசிவரை கண்ணை உறுத்தும். ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள்.

இனி உடைக்கிற வேலை. மெயின் சுவிட்சிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கட்டிங் மெஷினுக்கு பக்கத்து வீட்டிலிருந்து இணைப்பு எடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், செங்கல் தூசி லேசுப்பட்டதல்ல. முழுக் குழியையும் ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. முதலில் மேல்கோட்டில் மட்டும் ஒரு காடி வெட்டி, 26 இஞ்ச் நீளம், 4 இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் கனத்தில் கடப்பா கல்லை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் 4 இஞ்ச் சுவரில் உட்காரும்படி சாந்து வைத்து இறுக்குங்கள். மேலே இருக்கிற செங்கலை இனி அதுதான் தாங்கும். இரண்டு மூன்று நாள் இறுகிய பிறகு கீழே வாருங்கள்.

9 இஞ்ச் சுவரில் சில செங்கல் நீளவாக்கில் இருக்கும், சில முன்சுவரையும் பின்சுவரையும் கட்டிப்பிடித்தபடி குறுக்கே போகும். குறுக்கே போகிற கல்லைச் சுத்தியலால் அடித்தால் அந்தப் பக்கம் பூச்சோடு பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். அதனால் அதை மெஷினால் நடுவில் கீறி, சின்ன உளியை வைத்து மெதுவாகத் தட்டிப் பாதியை மட்டும் எடுங்கள். பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வருகிற கொத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள்: "அண்ணே, குறுக்குக் கல்லை அறுத்துத்தான் எடுக்கணும்." ஆழம் 4½ இஞ்சைத் தாண்ட வேண்டாம். பூச்சுக்கு அரை, டைல்ஸுக்கு அரை போனாலும் 3½ மிஞ்சும், ஷாம்பு பாட்டில் நிற்க அது தாராளம்.

குழியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல் என்ற கலவையில் வாட்டர் ப்ரூஃப் மருந்து கலந்து பூசுங்கள். ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும், சித்திரை வெயிலில் காலை மாலை இரண்டு வேளையும். காய்ந்ததும் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை, ஒன்று மேலிருந்து கீழ், அது காய்ந்த பிறகு இன்னொன்று குறுக்குவாக்கில். மூலைகளில் பிரஷ்ஷை அழுத்தித் தேயுங்கள், ஓதம் கசிவது பெரும்பாலும் அங்கேதான்.

அடிப்பலகைக்கு மேலூர் பக்கம் பட்டறைகளில் கிடைக்கிற கிரானைட் துண்டு போதும். முன்பக்கம் 3 மி.மீ. தாழ்வாக வைத்தால் தண்ணீர் உள்ளே தேங்காது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் அது இங்கே தப்பு. பின்பக்கம், பக்கவாட்டு டைல்ஸை டைல்ஸ் பசையில் ஒட்டி, இணைப்புக்கு எபாக்ஸி அடையுங்கள், வெள்ளை சிமெண்ட் போர் தண்ணீரில் சீக்கிரம் கறுத்துப் போகும்.

கதவு பிவிசியில் போதும், பிளைவுட் ஊறிவிடும். கீலும் ஸ்க்ரூவும் எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். கதவின் கீழும் மேலும் விரல் நுழையாத அளவு இடைவெளி விட்டால் உள்ளே காற்று ஓடும். ஃபிரேம் ஓரத்துக்கு சிலிக்கான் அடித்த பிறகு ஒரு நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வையுங்கள்.

உப்புத் தண்ணீர் கறைக்கு ஆசிட் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அலமாரிப் பக்கம் வேண்டாம். கடப்பா சுண்ணாம்பு வகைக் கல், ஆசிட் பட்டால் வெளுத்துவிடும். அடிப்பலகைக்கு கிரானைட் சொன்னதும் அதனால்தான்.