சோம்பல் என்று சொல்லும் முன்: முன்மடல் பாதித்தவரை வீட்டில் கவனிப்பது

மூளையில் அடிபட்டவர்களுக்கு அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். "நன்றாக நடக்கிறார், பேசுகிறார், ஆனால் பழைய ஆள் இல்லை" என்று வீட்டார் சொன்னால், ஸ்கேன் ரிப்போர்ட்டில் முதலில் ஃப்ரான்டல் லோப், அதாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் பற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

உங்களிடம் முதலில் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். அதில் சோம்பேறி, பிடிவாதக்காரர், மரியாதை தெரியாதவர் என்று எழுதாதீர்கள். என்ன செய்தார், எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். எந்தப் பகுதி தடுமாறுகிறது என்பதற்கான துப்பு அதில்தான் கிடைக்கும்.

முன்மடலின் பின் விளிம்பில் உடலை அசைக்கும் பட்டை இருக்கிறது. இடப்பக்கம் அடிபட்டால் வலது கை, கால் பலவீனமாகும். இதை யாரும் சோம்பல் என்று நினைப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கத்தில், அந்தப் பட்டைக்கு முன்னால் சற்றுக் கீழே புரோக்கா பகுதி. அது கெட்டால் சொற்கள் திக்கித் திக்கித்தான் வரும், ஆனால் நீங்கள் பேசுவது பெருமளவு புரியும். அதனால் சத்தமாகப் பேச வேண்டாம். ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.

குடும்பங்கள் அதிகம் மனம் உடைவது மூளையின் இடது, வலது பாதிகள் எதிரெதிரே பார்க்கும் உட்பக்கம் பாதிக்கப்படும்போதுதான். பல் தேய்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்லவும் செய்வார். எழுந்து போக மாட்டார். செயலைத் தொடங்கிவைக்கும் விசையே அங்கே பழுதாகியிருக்கிறது. "பல் தேய்க்கிறீர்களா?" என்று கேட்டால் "அப்புறம்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள், பிரஷைக் கையில் கொடுங்கள். முதல் அசைவு வந்துவிட்டால் மீதி பெரும்பாலும் தானே வரும். தினமும் அதே நேரம், அதே வரிசை, அலாரத்துடன். 1848-இல் இரும்புக் கம்பி முன்மடலைத் துளைத்துச் சென்ற ஃபினியஸ் கேஜின் குணம் மாறிப்போனது பலருக்கும் தெரியும். பின்னாளில் அவர் சிலியில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த வேலையின் ஒழுங்கே அவர் தேறி வர உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது நம்பும்படி இருக்கிறது.

நெற்றியின் மேல் பக்கவாட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி திட்டமிடும், செய்துகொண்டிருப்பதை வேலையின் நடுவில் நினைவில் வைத்துக்கொள்ளும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். வேலையைப் பாதியில் விட்டு நிற்கிறாரா? ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லாதீர்கள். படிகளை எழுதி ஒட்டுங்கள், முடித்ததை டிக் போடட்டும், டிவியை அணைத்துவிடுங்கள்.

கண்களுக்கு மேலே இருப்பது கட்டுப்பாட்டுப் பகுதி. அடிபட்டால் நாக்குக்குப் பூட்டு இல்லாமல் போகும், பணம் கண்டபடி செலவாகும். நாலு பேர் முன்னால் வாதம் செய்ய வேண்டாம். "இது வேண்டாம்" என்று தணிந்த குரலில் சொல்லி, பேச்சையோ இடத்தையோ மாற்றுங்கள். வாசனை நரம்புகள் இந்தப் பகுதிக்கு நேர் கீழேதான் ஓடுகின்றன, தலைக்காயத்தில் அவையும் அறுபடலாம். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் காபித்தூளை முகரவையுங்கள். தெரியவில்லை என்றால் கேஸ் கசிவை எச்சரிக்கும் கருவி கட்டாயம் வேண்டும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சாதிப்பார். அதுவும் காயத்தின் பகுதியாக இருக்கலாம், நிரூபிக்க முயல வேண்டாம். மருத்துவர் சோதித்துச் சம்மதிக்கும் வரை வண்டிச் சாவி மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.

இந்தப் பகுதிகள் தனித்தனியே இயங்குவதில்லை, ஒருவரிடமே இரண்டு மூன்று கலந்து தெரியும். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். மாற்றம் திடீரென்று வந்தால், அதாவது வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, வாந்தியோடு கூடும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்று எது வந்தாலும், நோட்டை வைத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.