தாய்ப்பாலின் இனிப்பு: பயப்படாமல் கொடுப்பது எப்படி

பிரசவ வார்டில் பால் கொடுக்கச் சொல்லித்தரும் செவிலி நான். "பால் இப்படி இனிக்குதே, பிள்ளைக்கு ஆகுமா?" என்று பலரும் கேட்பார்கள். தாராளமாக ஆகும். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 7 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இருக்கிறது. அம்மா இனிப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது பெரிதாக மாறாது.

ஒலிகோசாக்கரைடு என்று இன்னொரு சர்க்கரையும் உண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில். குழந்தைக்கு அது செரிக்காது. அப்புறம் எதற்கு? குடலில் இருக்கும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. அவை பெருகி அமிலம் சுரந்தால் கெட்ட கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு கஷ்டம். சில கிருமிகள் குடல் சுவருக்குப் பதிலாக இந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். சீம்பாலில்தான் இது மிக அதிகம். அதனால் ஒரு ஸ்பூன்தான் வந்தாலும் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்குங்கள். 6 மாதம் வரை சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் தொடவே கூடாது.

பக்கம் மாற்றுவதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். லாக்டோஸ் முதலிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவு. கொழுப்போ மார்பு காலியாகக் காலியாகத்தான் கூடும். பால் அதிகம் சுரப்பவர்கள் சீக்கிரமே பக்கம் மாற்றினால், கொழுப்பு குறைந்த பால் குடலில் வேகமாக ஓடிவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் புளித்து, வாயுவும் நுரைத்த பச்சை மலமுமாக வரும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தாடையைப் பாருங்கள். முதலில் படபடவென்று சப்பும். பால் இறங்கியதும் தாடை ஆழமாகத் தாழ்ந்து, ஒரு கணம் நின்று, விழுங்கும் சத்தம் கேட்கும். அது நின்று உதடு மட்டும் துடித்தால், மார்பை உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். அப்போதும் விழுங்காவிட்டால் அடுத்த பக்கம் கொடுக்கலாம்.

எடை ஏறுகிறதா? சரி, மலத்தின் நிறத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று "லாக்டோஸ் ஒவ்வாமை" எனப் பாலை நிறுத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். லாக்டோஸைச் செரிக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தை மிக மிக அபூர்வம். கேலக்டோசீமியா என்ற அரிய பிறவி நோய் மட்டும் வேறு கதை. அதில் உடனே நிறுத்தியாக வேண்டும். வாந்தி, குறையாத மஞ்சள் காமாலை, சோர்வு, மலத்தில் ரத்தம், ஏறாத எடை இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.