டிவிக்குப் பின்னால் கணினி, அப்பா கையில் ஒரே ரிமோட்

டிவியின் பக்கவாட்டில் அப்பா ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார். அவர் கையெழுத்தில் 11 வரிகள். "1. பெரிய ரிமோட், சிவப்பு பட்டன். 2. படம் வரும்வரை பொறு. 3. சோர்ஸ் பட்டன் மூன்று தடவை. 4. சவுண்ட் ரிமோட்டை எடு" என்று போய், "11. வரவில்லை என்றால் பாப்பாவுக்குப் போன்" என்று முடியும். அந்தப் பாப்பா நான்தான். நெட்வொர்க் வேலையில் 15 வருஷம் ஓட்டியவள். சேர்த்து வைத்த படங்களைப் பார்க்க டிவியோடு கணினியை இணைத்ததும் நான்தான், அதற்கு 11 வரி தேவைப்படும்படி வைத்ததும் நான்தான்.

ஒரு விடுமுறையில் அந்தத் தாளைக் குற்றப்பத்திரிகை மாதிரி எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக அடிக்க ஆரம்பித்தேன். அப்போது செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வழக்கமாக இந்தப் பேச்சு எந்த பிராசசர், எவ்வளவு ரேம் என்று தொடங்கும். நான் ரிமோட்டிலிருந்து தொடங்குகிறேன். கையில் என்ன இருக்கப்போகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பெட்டி வாங்குவது என்று தெரியும்.

ரிமோட்

முதலில் முயல வேண்டியது சிஇசி. படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளின் 13-வது பின் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. டிவி ரிமோட்டில் அழுத்தும் பொத்தானை டிவி வாங்கி, அந்தக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும். டிவி மெனுவில் சிஇசி என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. பெயர்தான் வேறு, விஷயம் ஒன்றுதான். உள்ளே போய் ஆன் செய்யுங்கள்.

சிக்கல் கணினி பக்கம். சாதாரணக் கணினியின் கிராபிக்ஸ் வெளியீட்டில் சிஇசி பெரும்பாலும் இருக்காது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னஞ்சிறு கணினியில் உண்டு, சொருகினால் போதும். மற்றக் கணினிகளுக்கு பல்ஸ்-எய்ட் என்ற நிறுவனத்தின் சின்ன அடாப்டர் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு யூஎஸ்பி வாலைக் கணினிக்குக் கொடுக்கும்.

எங்கள் வீட்டில் சிஇசி முக்கால் கிணறுதான் தாண்டியது. அம்புக்குறிகள் வந்தன, ஓகே வந்தது. 'பேக்' பட்டனை மட்டும் டிவி தனக்கே வைத்துக்கொண்டது. பின்னால் போக முடியாத மெனுவில் அப்பாவை விட்டுவிட்டு வர முடியுமா? டிவிக்கு டிவி இது மாறும் என்பதால், அடாப்டரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் எடுத்ததுதான் ஃப்ளர்க். விரல் நுனி அளவு யூஎஸ்பி சாதனம், உள்ளே அகச்சிவப்பு ரிசீவர். எந்த ரிமோட்டைக் காட்டினாலும், "இந்தப் பட்டன் என்றால் கீபோர்டில் இந்தக் கீ" என்று கற்றுக்கொள்ளும். கற்றதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கணினி அதைக் கீபோர்டு என்றே நினைத்துக்கொள்ளும். அதனால் தனி டிரைவர் வேண்டாம், பயாஸ் (கணினி எழும்போதே வரும் அடிப்படை அமைப்பு) திரையில்கூட வேலை செய்யும்.

கற்றுக்கொடுக்கும்போது நான் செய்த தப்பு, டிவி ரிமோட்டையே காட்டியது. மேல் அம்பை அழுத்தினால் கணினியும் நகர்ந்தது, டிவி தன் சேனல் பட்டியலையும் திறந்தது. செய்ய வேண்டியது இதுதான்: ஒரு யுனிவர்சல் ரிமோட் எடுங்கள். அதன் பவர், ஒலி பட்டன்களை டிவியின் கோடுக்கு (ரிமோட் அனுப்பும் குறியீடு) வையுங்கள். அம்புக்குறி, ஓகே, பேக், பிளே, ஸ்டாப் எல்லாவற்றையும் வீட்டிலேயே இல்லாத ஏதோ ஒரு பழைய டிவிடி பிளேயரின் கோடுக்கு வைத்து, அதை ஃப்ளர்க்குக்குக் காட்டுங்கள். அந்தப் பாஷை டிவிக்குப் புரியாது, ஃப்ளர்க்குக்கு மட்டும் புரியும். சண்டை தீர்ந்தது.

எட்டுப் பட்டன்தான் கற்றுக்கொடுத்தேன். மீதி இருந்த முப்பதையும் வேண்டுமென்றே ஊமையாக விட்டேன். கைதவறி அழுத்தினால் ஒன்றும் ஆகக் கூடாது.

ஒலியைக் கணினியிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கணினி ஒலி எப்போதும் 100-ல் நிற்கட்டும். கூட்டுவதும் குறைப்பதும் டிவியின் வேலை, தனியாக ஒலிப்பெட்டி இருந்தால் அதன் வேலை. இரண்டு இடத்தில் ஒலி மாறினால், எங்கே குறைந்திருக்கிறது என்று தேடியே பாதிப் படம் முடிந்துவிடும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து ரிமோட் முனையைப் பார்த்து அழுத்துங்கள். பல போன்களில் பொத்தானை அழுத்தும்போது அந்த முனை ஊதா நிறத்தில் மின்னுவது தெரியும். மின்னினால் ரிமோட்டில் குறையில்லை, ரிசீவரைப் பாருங்கள். மின்னாவிட்டால் முதலில் பேட்டரி.

போனையே ரிமோட்டாக வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கோடிக்கு (எண்ணில் வரும் கோடி இல்லை, படம் காட்டும் மென்பொருள், விவரம் கீழே) கோர் என்ற செயலி இருக்கிறது, கோடி குழுவே செய்தது. செட்டிங்ஸில் சர்வீசஸ், கண்ட்ரோல் பகுதிக்குப் போய், எச்டிடிபி வழிக் கட்டுப்பாட்டை ஆன் செய்து, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்தால் போதும். வழக்கமான போர்ட் (செயலி உள்ளே வரும் வாசல் எண்) 8080. படப் பெயரைத் தட்டச்சு செய்து தேட இதைவிட வசதி கிடையாது. ஆனால் போன் மணி அடித்தால் படத்தை நிறுத்த, போனையே எடுத்து, பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி... வேண்டாம். இரண்டாவது ரிமோட்டாக மட்டும் இருக்கட்டும். அந்த 8080-ஐ ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். இது என் தொழில் பேசுகிறது.

கீபோர்டு ஒன்றும் வேண்டும், அமைக்கும் நாட்களுக்காவது. டச்பேட் ஒட்டிய சின்ன வயர்லெஸ் கீபோர்டு நல்லது. எனக்கு முதல் வாரம் முழுக்கக் கர்சர் துள்ளியது, எழுத்துகள் விழுங்கப்பட்டன. பேட்டரி மாற்றினேன், கீபோர்டையே மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. காரணம் பெட்டியின் பின்பக்கம் இருந்தது. கீபோர்டின் டாங்கிளும் (கணினியில் சொருகும் அதன் குட்டி ரிசீவர்) யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் பக்கத்துப் பக்கத்தில் சொருகியிருந்தன. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதே அலைவரிசையில்தான் இந்த டாங்கிள்களும் பேசுகின்றன. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மாட்டி, டிவிக்கு முன்பக்கம் கொண்டுவந்தேன். அன்றோடு சரியானது.

பெட்டி

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இன்டெல் என்100 போட்ட மின்விசிறி இல்லாத சின்னப் பெட்டி போதும். 2023-ல் வந்த 6 வாட் சிப். எச்இவிசி 10 பிட், ஏவி1 என்ற இரண்டு வீடியோ சுருக்க வகைகளையும் வன்பொருளிலேயே பிரித்துவிடும். இதுதான் முக்கியம். வேகமான பிராசசராக இருந்தாலும், வீடியோ வகையை வன்பொருள் அறியாவிட்டால் சூடாகி, விசிறி கத்தி, அமைதியான காட்சியில் எல்லார் மானத்தையும் வாங்கும். பழைய லேப்டாப் கிடந்தால் இன்டெல் 7-ம் தலைமுறை முதல் எச்இவிசி 10 பிட் உண்டு, ஏவி1 11-ம் தலைமுறையிலிருந்து. ராஸ்பெர்ரி பை 4 எச்இவிசியை 4கே வரை ஓட்டும், ஏவி1 மட்டும் அதற்குச் சுமை.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கூடத்தில் வைக்காதீர்கள். படங்கள் வேறு அறையில் ஒரு நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருக்கட்டும். இடையே நெட்வொர்க் கேபிள் போடுங்கள், அதுவும் கிகாபிட்டாக (நொடிக்கு 1000 மெகாபிட்). 4கே ப்ளூ-ரேயின் பிட்ரேட் (ஓடும் தரவின் அளவு) உச்சத்தில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டிப் போகலாம். 100 மெகாபிட் போர்ட் அங்கே திணறும். நிறைய டிவிகளின் சொந்த லேன் போர்ட் இன்னும் 100 தான், அதனால்தான் "டிவியில் நேராக ஓட்டினால் நிற்கிறது" என்ற புலம்பல்.

பெட்டியில் நான் போட்டிருப்பது லிப்ரெலெக். கோடியை மட்டும் ஓட்டுவதற்காகச் சீவிச் சிறுத்த லினக்ஸ். ஆன் செய்தால் நேரே படப் பட்டியல்தான். கோடி 2002-ல் எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்தது, 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்தது. அவ்வளவு காலமாகச் சோபாவிலிருந்தே ஓட்டப்பட்டதால், அம்புக்குறிகளாலேயே எங்கும் போக முடியும்.

விண்டோஸில் இது முடியாதா? முடியும். பாஸ்வேர்டு கேட்காமல் உள்நுழையும்படி வைத்து, கோடியைத் தானாகத் தொடங்கவிட்டு, அறிவிப்புகளை அணைத்து, அப்டேட் நேரத்தைப் படம் பார்க்காத நேரத்துக்குத் தள்ள வேண்டும். இரண்டு வருஷம் அப்படி ஓட்டினேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதோ ஒரு ஜன்னல் முளைத்து "சரியா?" என்று கேட்கும். அப்பாவும் "சரி" என்று எதையாவது அழுத்திவிடுவார்.

ஸ்ட்ரீமிங் சேவைகளை இந்தப் பெட்டியில் திணிக்காதீர்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு காரணமாக, கணினி உலாவியில் தெளிவு குறைவாகவே வருவதுண்டு. டிவியின் சொந்தச் செயலியில் அதே படம் முழுத் தெளிவோடு வரும். எது எங்கே நன்றாக ஓடுகிறதோ அது அங்கேயே ஓடட்டும்.

அணைப்பதா வேண்டாமா

அப்பாவின் தாளில் நான்கு வரிகள் இது ஒன்றுக்காகவே இருந்தன. ஒரே பொத்தானில் டிவியும் கணினியும் எழ வேண்டும் என்று மேக்ரோ எழுதினேன். ஒன்று விழித்து ஒன்று தூங்கிப்போனால், அடுத்த அழுத்தலில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். கடைசியில் விட்டுக்கொடுத்தேன்: கணினியை அணைப்பதே இல்லை. சும்மா கிடக்கும்போது அது எடுக்கும் மின்சாரம் சொற்பம். பவர் பட்டன் டிவிக்கு மட்டும்தான்.

இதில் ஒரு பொறி. டிவி அணைந்திருக்கும்போது கணினி மறுதொடக்கம் ஆனால், எதிரில் என்ன திரை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டிவி தன்னைப் பற்றிச் சொல்லும் எடிட் (EDID) என்ற தகவல் கிடைக்காததால், ஏதோ ஒரு சின்னத் தெளிவில் எழும், அல்லது ஒலி வராது. லிப்ரெலெக்கில் டிவியை ஆன் செய்துவிட்டு, எஸ்எஸ்எச் வழியே (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்து 'கெட்எடிட் கிரியேட்' (getedid create) என்ற கட்டளையை ஒரு தடவை கொடுத்து மறுதொடக்கம் செய்தால், டிவியின் விவரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். விண்டோஸ் என்றால் எச்டிஎம்ஐ கேபிளுக்கு இடையில் மாட்டும், டிவி இருப்பதுபோலவே நடிக்கும் எடிட் எமுலேட்டர் இருக்கிறது.

தூங்கவிட்டே தீருவேன் என்பவர்கள், பயாஸில் யூஎஸ்பி மூலம் எழுப்பும் வசதி ஆனாக இருக்கிறதா, இஆர்பி என்ற மின்சேமிப்பு ஆஃபாக இருக்கிறதா என்று பாருங்கள். இஆர்பி ஆனாக இருந்தால் யூஎஸ்பிக்கே மின்சாரம் போகாமல் போகலாம், ரிமோட்டை எவ்வளவு அழுத்தியும் பலனிருக்காது.

படமும் ஒலியும்

கோடி செட்டிங்ஸுக்குள் போனதும் நிலையை 'எக்ஸ்பர்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பாதி விஷயம் கண்ணிலேயே படாது.

படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா? அது டிவியின் ஓவர்ஸ்கேன், அதாவது படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் பழக்கம். கோடியில் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' மாதிரி ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். இருட்டுக் காட்சியில் எல்லாமே தார் பூசினாற்போல இருந்தால், கறுப்பு முதல் வெள்ளை வரையிலான ஒளி அளவைக் கணினி 0 முதல் 255 வரை அனுப்புகிறது, டிவி 16 முதல் 235 வரை எதிர்பார்க்கிறது. கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரிந்தால் அதற்கு நேர்மாறு. இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமானது ரிஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை தடவை டிவி திரையைப் புதுப்பிக்கிறது என்பது. திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 23.976 பிரேம், டிவி 60 ஹெர்ட்ஸ். ஒரு பிரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்டித்தான் அதைச் சமாளிக்கும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் நொண்டுவது அதனால்தான். கோடியில் பிளேயர், வீடியோஸ் பகுதியில் ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதியை 'ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்' என்று வையுங்கள். 23.976-க்குப் பதில் 24 என்று டிவி நின்றுவிட்டால், ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன விக்கல் வரும். அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அன்றிலிருந்து அது மட்டும்தான் தெரிந்தது.

இந்த மாற்றத்தின்போது திரை ஒன்றிரண்டு நொடி கறுப்பாகும். அப்பா அதைப் பழுது என்று நினைத்து எல்லாப் பட்டனையும் அழுத்தினார், படம் நின்றது, எனக்குப் போன் வந்தது. மாற்றத்துக்குப் பின் காத்திருக்கும் நேரத்தை 3 நொடியாக வைத்தேன். முதல் வசனம் கறுப்பில் தொலையாது. "கறுப்பானால் மூன்று எண்ணுங்கப்பா" என்றும் சொல்லிவைத்தேன்.

ஒலியில் ஒன்றே ஒன்று. டிவியின் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால், சேனல் எண்ணிக்கையை 2.0 (இரண்டு ஸ்பீக்கர்) என்று வையுங்கள். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்று விட்டால், இல்லாத நடு ஸ்பீக்கருக்கு வசனம் போய்விடலாம். இசை காதைக் கிழிக்கும், பேச்சு கேட்காது. காதில் கோளாறு என்று அப்பா டாக்டரிடம் போகக் கிளம்பிவிட்டார். ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஒலிப்பெட்டி) வைத்திருந்தால், ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூவை ஆன் செய்து, அது எந்தெந்த வடிவத்தை அறியுமோ அவற்றை மட்டும் குறியிடுங்கள். டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே ஒலியைத் திருப்பி அனுப்பும் சாதாரண ஏஆர்சியில் டால்பி ட்ரூஎச்டி என்ற ஒலி வடிவம் போகாது, அதற்கு அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும்.

எல்லாம் ஒழுங்கானதும் இரண்டு வேலை. கோடி முகப்பில் பயன்படாத வரிகளை ஸ்கின் (திரைத் தோற்றம்) அமைப்பில் மறையுங்கள்; எங்கள் முகப்பில் திரைப்படங்கள், தொடர்கள், இரண்டுதான். பிறகு லிப்ரெலெக் செட்டிங்ஸில் பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை வேறு கணினியில் வையுங்கள்.

கீபோர்டை டிவிக்குக் கீழே உள்ள இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு. ஒரு நாள் படம் தானாக நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. இழுப்பறைக்குள் ஸ்பேஸ் பாரின் மேல் ஒரு டார்ச் லைட் உருண்டுகொண்டிருந்தது.