மக்கள்தொகை மாறினால் எந்தக் கட்சிக்கு லாபம்? கணக்குப் போடுவது இப்படி

மொத்த மக்கள்தொகையை வைத்துத் தொடங்காதீர்கள். முதலில் அதில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கழியுங்கள், குடியுரிமை இல்லாதவர்களைக் கழியுங்கள், அப்புறம் பட்டியலில் பெயர் இருந்தும் வாக்களிக்க வராதவர்களையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் தேர்தலைத் தீர்மானிக்கும் கூட்டம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி அல்லாத வெள்ளையர்கள் பாதிக்கும் கீழே போய் இத்தனை வருடமாகியும், மற்ற சமூகங்களின் ஆதரவை அதிகம் நம்பியிருக்கும் ஜனநாயகக் கட்சி 1976க்குப் பிறகு அதிபர் தேர்தலில் அங்கே ஜெயிக்காததற்கு இந்தக் கழித்தல் ஒரு பெரிய காரணம்.

அடுத்து, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே ஜெயிக்கும் தொகுதியிலேயே ஆதரவாளர்கள் குவிந்தால் வாக்கு கூடும், இடம் கூடாது.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு சமூகம் போன தடவை போட்ட மாதிரியே அடுத்த தடவையும் போடும் என்று நீட்டிக் கணக்கிடுவதுதான் பலர் சறுக்கும் இடம், என் பார்வையில் மன்னிக்க முடியாத சோம்பேறித்தனமும் கூட, ஏனென்றால் மக்கள் யாருடைய சொத்தும் இல்லை. டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) கிட்டத்தட்ட எல்லோருமே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 1892க்குப் பிறகு முதல் முறையாக 2024 அதிபர் தேர்தலில் அது ஜனநாயகக் கட்சியின் எதிரணியான குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. அதனால் ஒரே கணிப்போடு நிறுத்தாமல், ஆதரவு சில புள்ளிகள் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்.

வயதுக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். இளைஞர்களின் இன்றைய சாய்வு வயதால் வந்ததா, தலைமுறையால் வந்ததா? வயதால் என்றால் நாளை மாறலாம், தலைமுறையால் என்றால் அவர்களோடு கூடவே வரும். இதைப் பிரித்தறிய, ஒரே ஆண்டில் பிறந்தவர்களைப் பல தேர்தல்களில் தொடர்ந்து பாருங்கள்.